முப்பத்தொன்பதில் எது முதல்?

என் மருமானுக்கு எதையும் வரிசைப்படுத்துவதில் ஒரு பித்து. ஊரிலுள்ள காப்பி ஹோட்டல்களைக்கூட முதல், இரண்டு, மூன்று என்று அடுக்கி வைத்திருப்பான். சென்ற ஞாயிற்றுக்கிழமை வந்தவன், "மாமா, பாப் டிலன் ஆல்பங்களுக்கு நீங்கள் ஒரு வரிசை போட்டுக் கொடுங்கள்" என்று காகிதத்தையும் பென்சிலையும் நீட்டினான்.

லேசான காரியமா அது? அமெரிக்காவின் அந்த ராக் பாடகர் முதல் ஆல்பத்தை வெளியிட்டது 1962-ல். 2020-ல், 79 வயதில் வெளியிட்டது 39-ஆவது. இடையில் பிறந்த குழந்தை வளர்ந்து, உத்தியோகம் பார்த்து, பென்ஷனே வாங்கிவிடலாம்!

"1965, 66-ல் ஒன்றரை வருஷத்துக்குள் மூன்று போட்டாரே, அவைதான் முதல் மூன்று. தலைமை ஸ்தானம் 'ஹைவே 61 ரீவிசிட்டட்'டுக்கு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றான். பயலுக்கு வயது இருபத்துநாலு. அதைப் பாடியபோது டிலனுக்கும் அதே வயதுதான்.

எனக்குச் சுருக்கென்றது. அப்படியானால் அறுபதைத் தாண்டிய நாவலாசிரியன் பேனாவை மூடிவிட வேண்டியதுதானா? என்னைச் சந்திக்கிறவர்களும் என் முதல் நாவலைத்தான் புகழ்கிறார்கள். கடைசி நாவலைப் பற்றி மரியாதையாக மௌனம் சாதிக்கிறார்கள்.

ஆகவே முதுமைக்கு வக்கீலானேன். 56 வயதில், 1997-ல் வந்த 'டைம் அவுட் ஆஃப் மைண்ட்'டை எடுத்துக் காட்டினேன். அந்தக் கரகரத்த குரலிலுள்ள களைப்பு இளைஞனுக்கு வருமா? கிராமி பரிசும் கிடைத்ததே!

"பரிசு கிடைத்தால் முதலிடமா, மாமா?"

பரிசு எனக்கும் கிடைத்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியில் நான் முதலில் எழுதியது, 1975-ல் வந்த 'பிளட் ஆன் தி டிராக்ஸ்'. பத்துப் பாட்டும் நியூயார்க்கில் பதிவாகி, வெளிவரத் தயாராக இருந்தது. டிலனுக்குத் திருப்தியில்லை. தம்பியின் யோசனைப்படி, 1974 டிசம்பர் கடைசியில் மினியாபொலிஸில் உள்ளூர் வாத்தியக்காரர்களை வைத்துக்கொண்டு, ஐந்து பாட்டுக்களைத் திரும்பப் பாடிப் பதிவு செய்தார். உறை ஏற்கெனவே அச்சாகியிருந்ததால், பாவம், அவர்கள் பெயர்கூட அதில் வரவில்லை. பழைய ஐந்தையே விட்டிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? அவருக்குத் தெரிந்திருக்கும்.

"இது பாட்டுக்குக் கொடுத்த இடமா, பிடிவாதத்துக்குக் கொடுத்த இடமா?" என்று கேட்டுவிட்டு மருமான் போய்விட்டான்.

நான் பதில் சொல்லவில்லை. பத்து நாளைக்கு முன்புதான் ஒரு நாவலைப் பதிப்பாளரிடம் கொடுத்திருந்தேன். அதன் பிற்பாதி சரியில்லை என்பது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

திங்கட்கிழமை காலை அவருக்கு டெலிபோன் செய்தேன்.

"மேலட்டை அச்சாகிவிட்டதே, ஸார்!" என்றார்.

"அட்டை இருக்கட்டும். உள்ளே இருப்பதைத் திருப்பி அனுப்புங்கள்" என்றேன்.