குளம்பு வெடிப்பும் லாடக்காரரின் அரமும்

குதிரையின் குளம்பில் தோன்றும் வெடிப்புகளுள் மேற்பரப்போடு நின்றுவிடுவன ஒரு வகை. குளம்புச் சுவரின் முழுத் தடிப்பையும் ஊடுருவி உள்ளிருக்கும் உயிர்த்தசையை எட்டுவன மற்றொரு வகை. முதல் வகை அரத்தால் இழைத்து நீக்கக்கூடிய தோற்றக்குறையே. இரண்டாவது வகையோ குதிரையை நொண்ட வைக்கிறது, நடக்கையில் குருதி கசியச் செய்கிறது, கவனியாது விட்டால் சீழ் பிடித்து அதன் உழைப்பு வாழ்வையே முடித்துவிடுகிறது. இந்த ஆழ்ந்த வெடிப்பு ஏன் வருகிறது, அதைச் சரிசெய்ய வல்லவர் யார் என்னும் இரு வினாக்களையும் சேர்வராயன் மலைத்தொடரையும் அதன் அடிவாரத்துச் சேலம் சமவெளியையும் களமாகக் கொண்டு நோக்கினால், விடை தேடவேண்டிய முதல் இடம் சாலையோர மரத்தடியில் லாடம் கட்டுவோர் கோணிப்பையை விரித்து அமரும் இடமாக அமைகிறது.

1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். வண்டி ஏறத்தக்க சாலை அமையும்வரை தோட்ட உரிமையாளரும் அதிகாரிகளும் மலையேறியது மட்டக் குதிரையின் முதுகிலோ ஆட்கள் சுமந்த டோலியிலோதான். மட்டம் என்பது உயரம் குறைந்த, மலைப்பாதைக்கு ஏற்ற குதிரை. இன்று சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்தே மலைமேலுள்ள ஏற்காட்டை எட்டுகிறது, குதிரை கோடைக்காலச் சவாரிக்கு உரியதாகச் சுருங்கிவிட்டது. ஆயினும் விலங்கின் முதுகை நம்பிய மலைகள் இவ்வட்டாரத்தில் அடியோடு மறைந்துவிடவில்லை. அண்டை மாவட்டமான தருமபுரியில் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு எந்திரங்கள் கழுதைகளின் முதுகில் ஏற்றிச் செல்லப்பட்டது பல தேர்தல்களில் நாளேடுகளுக்குப் படத்துடன் கூடிய செய்தியாயிற்று. அத்தகைய படங்களில் பெட்டியும் முதுகும் கண்ணைக் கவர்கின்றன; அத்தனை சுமையையும் கல்லில் ஊன்றி ஏற்றும் குளம்பை எவரும் பார்ப்பதில்லை.

குளம்புச் சுவர், மனித நகத்தைப் போலவே, கெரட்டின் என்னும் புரதத்தால் ஆன, நரம்போ குருதியோ இல்லாத கொம்புப் பொருள். மயிரும் குளம்பும் சேரும் விளிம்பிலுள்ள வளர்தசையிலிருந்து அது மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் அளவில் கீழ்நோக்கி வளர்கிறது. அதன் உட்புறம் சுமார் 600 மெல்லிய ஏடுகளால் குளம்பெலும்புடன் கோத்துப் பிணைக்கப்பட்டிருப்பதால், குதிரையின் எடை முழுவதும் அந்தப் பிணைப்பிலேயே தொங்குகிறது எனலாம். தோலில் பட்ட வெட்டு இருபுறமும் கூடி ஆறும். குளம்பில் விழுந்த வெடிப்பின் இரு ஓரங்களும் உயிரற்றவை ஆதலால் அவை ஒருநாளும் கூடுவதில்லை. மேலிருந்து வெடிப்பற்ற புதுக் கொம்பு வளர்ந்து இறங்கிப் பழையதைத் தரைவரை தள்ளி வெளியேற்றுவது ஒன்றே வழி. குளம்பின் முன்நுனியில் அதற்கு 9 முதல் 12 மாதங்கள் ஆகும். சுவர் குட்டையாக உள்ள குதிப்பகுதியில் நான்கைந்து மாதங்கள் போதும். அவ்வாறு இறங்கும் புதுக் கொம்பும் வெடிக்காதிருக்க வேண்டுமாயின், குதிரை அடியெடுத்து வைக்குந்தோறும் பழைய வெடிப்பு வாய் திறந்து மூடுவது நிற்க வேண்டும். அந்த அசைவை நிறுத்தாத எந்த மருந்தும், எந்தப் பூச்சும், எந்த எண்ணெயும் குதிரைக்காரரின் மன ஆறுதலுக்கே உதவும்.

அசைவின் மூலம் பெரும்பாலும் பாரம் சமமாக விழாமை. நிற்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களே தாங்குகின்றன. மலை இறக்கத்தில் அப்பங்கு மேலும் கூடுகிறது. முன்நுனி நீள வளர்ந்த குளம்பு, தரையை விட்டு எழும் ஒவ்வொரு முறையும் கடப்பாரையால் நெம்புவதுபோல் சுவரை எலும்பிலிருந்து பெயர்க்கப் பார்ப்பதால் முன்புற வெடிப்பு தோன்றுகிறது. ஒரு பக்கக் குதி மற்றதைவிட உயர்ந்திருந்தால், முதலில் தரையைத் தொடும் அந்தப் பக்கம் அதிர்ச்சியைத் தனித்து வாங்கி மேல்நோக்கித் தள்ளப்பட்டு, மயிர் விளிம்பருகே பக்கவாட்டில் பிளக்கிறது. நொண்டலும் குருதியும் மிகுதியாகக் காணப்படுவது இவ்வகையில்தான். இவற்றோடு மலையின் தட்பவெப்பமும் சேர்கிறது. மழை மாதங்களில் செம்மண் சேற்றில் நீரை உறிஞ்சி மென்மையாகும் கொம்பு, கோடையில் தார்ச்சாலையிலும் சார்னோக்கைட் என்னும் கடும்பாறைச் சல்லியிலும் உலர்ந்து சுருங்கி நொறுங்குகிறது. தொடர்ந்த ஈரத்தையோ தொடர்ந்த உலர்வையோ குளம்பு ஒருவாறு பழகிக்கொள்ளும். இரண்டும் மாறிமாறி வருவதையே அதனால் தாங்க இயலாது.

இந்த இடத்தில் லாடக்காரர் வருகிறார். லாடம் என்ற சொல் இன்றைய தமிழில் தொழிலைவிடக் காவல் நிலையப் பேச்சிலேயே செழிப்பாக வாழ்கிறது. லாடம் கட்டுவது என்றால் அடித்து உண்மையை வரவழைப்பது என்னும் பொருளைத் திரைப்படங்கள் நிலைநிறுத்திவிட்டன. சேலம், நாமக்கல், ஈரோடு வட்டாரச் சந்தைகளில் இத்தொழில் வண்டிமாட்டை நம்பி வளர்ந்தது. மாட்டின் குளம்பு பிளவுபட்டது ஆகையால் காலுக்கு இரண்டு தகடு வீதம் மாடு ஒன்றுக்கு எட்டுத் தகடு வேண்டும். மாட்டைக் கயிற்றால் சாய்த்து, கால்களைச் சேர்த்துக் கட்டி, படுத்த நிலையிலேயே வேலை முடிக்கப்படுகிறது. குதிரைக்குக் குளம்பு ஒற்றை. அது நின்றபடியே இருக்க, லாடக்காரர் குனிந்து அதன் காலைத் தம் தொடைகளுக்கிடையே இடுக்கிக்கொண்டு உழைக்க வேண்டும். படுத்த மாட்டின் குளம்பில் பாரம் எவ்வாறு விழுகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது, மாட்டு லாடத்துக்கு அது அத்தனை இன்றியமையாததும் அன்று. குதிரைக்கோ அதுவே எல்லாம். இன்று அறுபதைக் கடந்து நிற்கும் தலைமுறை, தந்தையரிடம் மாட்டு லாடம் பழகி, ஜட்கா வண்டிகள் ஓடியவரை குதிரைக்கும் கட்டி, டிராக்டரும் சிறு சரக்கு வண்டியும் வந்தபின் இரண்டையும் இழந்தது. அவர்களுடைய பிள்ளைகள் பலரும் வேறு வேலைக்குச் சென்றுவிட்டனர். சென்றதைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை.

சுத்தியல், குறடு, சீவும் கத்தி, ஆணி ஆகியவற்றைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. அரம் அவ்வாறன்று. ஒருபுறம் தடித்த பற்களும் மறுபுறம் நுண்ணிய பற்களும் கொண்ட, முழங்கை நீளத்துக்குச் சற்றுக் குறைந்த இந்த எஃகுப் பட்டைதான் குளம்பின் மட்டத்தைத் தீர்மானிக்கிறது. பழகிய கை முதலில் அரத்தைத் தொடுவதே இல்லை. குதிரையைச் சமதரையில் பத்தடி நடத்தச் சொல்லிக் காதால் கேட்கிறது. குளம்பு தரையில் ஒரே ஒலியாக விழுந்தால் இரு குதிகளும் ஒருசேரப் பதிகின்றன என்று பொருள். இரட்டை ஒலியாகக் கேட்டால் ஒன்று முந்துகிறது. அதன்பின் காலைத் தூக்கி, அரத்தைக் குறுக்கே வைத்து ஒளி புகும் இடத்தைப் பார்த்து, உயர்ந்த பக்கத்தை மட்டும் இழைக்கிறது. மழுங்கிய அரம் இழைப்பதற்கு மாறாகக் கொம்பைச் சிராய்க்கிறது, கை சோர்கிறது, வேலை பாதியில் நிற்கிறது. எஞ்சியதை லாடத்தைக் கொண்டு மறைக்கும் பழக்கம் அங்கே பிறக்கிறது. காலுக்கேற்ப லாடத்தை வளைக்காமல், கையிலுள்ள லாடத்துக்கேற்பக் காலை இழைப்பதும் அதன் தொடர்ச்சியே. புது அரம் வாங்கும் செலவு லாடக்காரர் தலையில் விழுகிறது. மழுங்கிய அரத்தின் செலவு குதிரையின் காலில் விழுகிறது.

ஆழ்ந்த வெடிப்பு வந்தபின் செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு, அவ்வரிசை மாறினால் கேடு மிகும். வெடிப்பினுள் சேர்ந்த அழுக்கையும் அழுகிய கொம்பையும் அகற்றி, உள்ளே சீழ் உண்டா என்று கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும். சீழ் இருக்கையில் பிசின் பூசி மூடுவது நோயை உள்ளே பூட்டி வைப்பதாகும். ரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் குதிரையை எளிதில் தாக்கும் ஆதலால் அதற்கான தடுப்பூசி இவ்விடத்தில் தவிர்க்க முடியாதது. அடுத்து குளம்பின் மட்டம். வெடிப்புக்கு நேர் கீழே உள்ள சுவரின் அடிவிளிம்பைச் சற்றே இழைத்து, அது லாடத்தையோ தரையையோ தொடாதபடி செய்தால், பாரம் பக்கத்துச் சுவருக்கு மாறி வெடிப்பு ஓய்வு பெறுகிறது. பின்புறம் குறுக்குப்பட்டையால் இணைத்த லாடம் இரு குதிகளையும் ஒன்றாகத் தாங்குகிறது. லாடத்தின் விளிம்பிலிருந்து மேலெழும் காது போன்ற மடிப்புகள் வெடிப்பின் இருபுறமும் அணைத்து அது வாய் திறவாதபடி பிடிக்கின்றன. இத்தனைக்கும் பிறகே எஃகுக் கம்பியால் ஓரங்களை இழுத்துத் தைப்பதும், உலர்ந்து தூய்மையான வெடிப்பைப் பிசினால் மூடுவதும் வருகின்றன. அவை மருத்துவருக்குரிய நுட்பங்கள். மட்டம் தவறிய குளம்பில் அவை சில வாரங்களுக்கு மேல் நிற்பதில்லை. வெடிப்பின் தலைப்பில் காய்ச்சிய இரும்பால் குறுக்குக்கோடு சுடுவது பழைய நாட்களின் வழக்கம். கோடு சற்று ஆழமானால் புதுக் கொம்பை வளர்க்கும் தசையே வெந்துபோகும்; அவ்வழக்கம் மறைந்தது நல்லதே.

தீவனத்தின் பங்கு ஓரளவினது. லிப்பிசானர் இனக் குதிரைகளுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பயோட்டின் என்னும் உயிர்ச்சத்தைக் கொடுத்துப் பார்த்து 1995இல் வெளியான ஆய்வில், கொம்பின் தரம் மேம்பட்டது தெரிய ஒன்பது மாதங்களுக்கு மேல் ஆயிற்று. கோடைப் பருவம் முடியுமுன் பலன் வேண்டுவோருக்கு அது உதவாது.

மருத்துவர் இல்லாத வட்டாரம் இது என்று சொல்வதற்கில்லை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985 முதல் இயங்குகிறது. சேலம் மாவட்டத்துத் தலைவாசலிலும் ஒரு கால்நடை ஆராய்ச்சி நிலையம் 2021இல் திறக்கப்பட்டது. குறை, மருத்துவரின் கத்திக்கும் லாடக்காரரின் அரத்துக்கும் இடையே உள்ள தூரத்தில் இருக்கிறது. இராணுவம் தன் குதிரைகளுக்கான லாடத் தொழிலரை மீரட்டில் முறையாகப் பயிற்றுவிக்கிறது. சந்தையடி லாடக்காரருக்குத் தந்தையின் கையே பள்ளி. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பை இழைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும், குதிரைக்காரருக்கும் தெரியும். ஆனால் குதிரையை ஓட்டுபவர் பெரும்பாலும் அதன் உரிமையாளர் அல்லர். சவாரிக் கூலியில் முதலில் எடுக்கப்படுவது உரிமையாளர் பங்கு, பின்பு தீவனம், பின்பு ஓட்டுபவரின் கூலி. கடைசியில் மிஞ்சுவதிலிருந்தே லாடம். மிஞ்சாத மாதம் குளம்பு வளர்ந்துகொண்டே போகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் இறக்குமதியான குதிரைகள் பராமரிப்பு அறியாமையால் மடிந்தன என்றும், விற்பனை குறையுமே என்று அஞ்சிய குதிரை வணிகர் லாடத் தொழிலர் எவரும் இங்கு வராதபடி தடுத்தனர் என்றும் எழுதினார். இன்று தடுப்பார் எவருமில்லை. கூலி கொடுக்காமல் விட்டாலே அதே விளைவு கிட்டிவிடுகிறது.

ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தையிலும் குளம்பைப் புறக்கணிப்பதன் மறுபக்கம் புலப்படும். நெற்றியிலும் கழுத்திலும் மயிர் சுழித்திருக்கும் இடத்தைக் கொண்டு நன்மை தீமை கணிக்கும் சுழி பார்த்தல் அங்கே விலையை ஏற்றவும் இறக்கவும் வல்லது. அதே கவனத்தோடு நான்கு கால்களையும் தூக்கிப் பார்த்து விலை பேசுவோர் அரியர்.

பொதி விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகள் மட்டக் குதிரைக்கு 70 கிலோவும் கழுதைக்கு 50 கிலோவும் சுமை வரம்பாக வகுத்துள்ளன. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் புண்ணோ நோயோ உள்ள விலங்கை வேலையில் ஈடுபடுத்துவதைக் குற்றமாக்குகிறது. மலை நகரங்களில் சவாரிக்குக் குதிரை அமர்த்துவோர் ஏறுமுன் முன்னங்கால்கள் இரண்டையும் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். மயிர் விளிம்பிலிருந்து இறங்கும் வெடிப்போ, குருதிக் கசிவோ, ஒரு காலை ஊன்றத் தயங்கும் நடையோ தென்பட்டால் ஏற வேண்டாம். குதிரைக்காரருக்குரிய கூலியைக் கொடுத்துவிட்டு, அந்தக் காலை லாடக்காரரிடம் காட்டும்படி சொல்லிச் செல்லலாம்.