எண்ணூர் என்கிற பிராண்ட்

பிராண்டிங் பற்றி நான் எழுதுகிற கட்டுரைகளுக்கு நண்பர்கள் எல்லோரும் ஒரே வைத்தியம்தான் சொல்கிறார்கள். "யாரு மச்சான் இவ்ளோ படிப்பா, வீடியோவா போடு." மாறலாம் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் இந்தப் பேச்சு வந்தாலே எனக்கு ஞாபகம் வருவது யூட்யூப் பிரபலங்கள் அல்ல. 2017 ஜனவரியில் வெளியான 'சென்னை புறம்போக்குப் பாடல்'. எண்ணூர்க் கழிமுகத்தில் எடுத்தது.

புறம்போக்கு என்பதை ஒரு பிராண்ட் பெயராக யோசித்துப் பாருங்கள். வருவாய்த் துறைக் கணக்கில் அது தீர்வை விதிக்கப்படாத நிலம்: ஏரி, மேய்ச்சல், சுடுகாடு, ஆற்றங்கரை. தனியாள் யாருக்கும் பட்டா இல்லை, அதனாலேயே ஊருக்கே சொந்தம். அந்தச் சொல் எப்படியோ தெருவுக்கு வந்து "போடா பொறம்போக்கு" ஆகிவிட்டது. பெயரே வசவாக இருக்கிற இடத்தில் அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டினால் யார் வந்து கேட்பார்கள்?

கேட்டவர்களில் ஒருவர் நித்தியானந்த் ஜெயராமன். சூழல் பற்றிப் பல வருடமாக எழுதிக்கொண்டிருந்தவர். கொடைக்கானல் பாதரச விவகாரத்திலும் அப்படித்தான். தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 2006-இல் உயர் நீதிமன்றம் போனார்கள். கட்டுரைகள் வந்துகொண்டே இருந்தன. 2015-இல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் வீடியோவைப் பல லட்சம் பேர் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் யூனிலீவர் 591 தொழிலாளர்களோடு ஒப்பந்தத்துக்கு வந்தது. வீடியோ போட்டதும் வேலை முடிந்தது என்று இதைச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. கோர்ட்டில் பத்து வருடக் காகிதம் இல்லாவிட்டால் அந்தப் பாட்டு வைரல் ஆகி, அடுத்த வாரம் மறந்துபோயிருக்கும்.

புறம்போக்கு விஷயம் வேறு. அங்கே எழுத்தால் முடியாத ஒன்று இருந்தது. வசவு வாயில் வாழ்வது. நான்கு பத்தியில் அதன் அகராதிப் பொருளை விளக்கலாம். படித்துவிட்டு வெளியே போனால் ஷேர் ஆட்டோவில் பழைய அர்த்தத்தில்தான் காதில் விழும். கபேர் வாசுகியின் பேச்சுத்தமிழ் வரிகளை ஆர்.கே. ஸ்ரீராம்குமாரின் ராகமாலிகையில் டி.எம். கிருஷ்ணா பாடும்போது, அந்தச் சொல்லை முதல்முறையாகத் திட்டாக இல்லாமல் கேட்கிறோம். சபாவுக்குள் நுழையாத சொல் கர்நாடக சங்கீதத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. ரீபிராண்டிங் என்று நாங்கள் ஆபீஸில் லோகோ நிறத்தை மாற்றுவதைச் சொல்கிறோம், சிரிப்பு வருகிறது.

சரி, அப்போ வீடியோதானே? அவ்வளவு சுலபமில்லை. பாட்டு வந்த அதே மாதம் 28-ஆம் தேதி, எண்ணூருக்கு அப்பால் கடலில் இரண்டு கப்பல்கள் மோதின. கரை ஒதுங்கிய எண்ணெயை வாளியில் அள்ளிய காட்சியை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்துக்குள் மறுபடியும் எண்ணெய், மறுபடியும் காமிராக்கள். ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிற நெட்டுக்குப்பத்தில் படகும் வலையும் கறுத்தன.

அங்கே மீன் விற்கும் ஒரு அக்கா, நான் போனைத் தூக்கியதுமே கையைக் காட்டினார். "தம்பி, வர்றவன்லாம் கறுப்புத் தண்ணியத்தான் புடிக்கிறான். அத்தப் பாத்துட்டு எண்ணூர் மீனான்னு கேட்டு, வச்சிட்டுப் போறாங்கோ. நண்டு இருக்கு பாரு, இத்த எவனாவது எடுத்தானா?"

பிராண்ட் என்ற ஆங்கிலச் சொல்லே சூடு வைப்பதிலிருந்து வந்ததுதான். அந்த எண்ணெய் வீடியோக்கள் பொய் இல்லை, தேவையும்கூட. ஆனால் அவை வைத்த சூடு எண்ணெய் கொட்டியவர்கள்மேல் விழவில்லை, இந்த அக்காவின் கூடைமேல் விழுந்துவிட்டது. எண்ணூர் துறைமுகமே 2014-இல் காமராஜர் துறைமுகம் என்று பெயரை மாற்றிக்கொண்டது. கூடைக்கு அந்த வசதி இல்லை. கட்டுரையில் என்றால் 'ஆனால்' என்று ஒரு வார்த்தை போட்டு, இன்ன மாதம் இன்ன இடத்துத் தண்ணீர் என்று பிரித்துச் சொல்லிவிடுவேன். வீடியோவில் அந்த 'ஆனால்' எங்கே நிற்கும் என்று தெரியவில்லை.

அக்கா சொன்னபடி நண்டை எடுத்தேன். நாற்பது விநாடி. கொடுக்கை ஆட்டிக்கொண்டு அழகாகத்தான் இருக்கிறது. எப்படி வெட்டினாலும் ஓரத்தில் ஒரு புகைபோக்கி வந்துவிடுகிறது. அதையும் விட்டுவைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.