பாசாவ் முதல் சுலினா வரை

டான்யூப் நதியில் கிலோமீட்டர் கணக்கு கடலிலிருந்து தொடங்குகிறது. கருங்கடல் ஓரம், ருமேனியாவின் சுலினாதான் பூஜ்யம். அங்கிருந்து மேல்நோக்கி எண்ணி வந்தால் பெல்கிரேட் 1170, புடாபெஸ்ட் 1647, வியன்னா 1929, ஜெர்மனியின் பாசாவ் 2226. உல்லாசக் கப்பலுக்குப் பணம் கட்டும் முன் இந்த எண்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மிகுதியாக விற்கும் ஒரு வாரப் பயணம் பாசாவில் தொடங்கி 1647இல் முடிந்துவிடுகிறது. நதியோ அதற்கப்பால்தான் அகலமாகிறது.

எங்கே ஏறுவது? நியூரம்பர்க்கிலோ ரேகன்ஸ்பர்க்கிலோ ஏறச் சொல்லும் பயணங்கள் உண்டு. ஆனால் ஸ்ட்ராவ்பிங்குக்கும் வில்ஸ்ஹோஃபெனுக்கும் நடுவே ஏறக்குறைய 70 கிலோமீட்டருக்கு அணை கிடையாது. கோடை வறண்டால் அங்கே கப்பல் தரைதட்டும் அளவுக்கு நீர் இறங்கிவிடும். பயணிகளைப் பேருந்தில் ஏற்றி அடுத்த கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். பாசாவ் அந்த இடத்துக்குக் கீழே இருக்கிறது. அதனால் அங்கே ஏறுவதே நல்லது.

எந்த மாதம் என்பதையும் நீர்தான் சொல்ல வேண்டும். ஆல்ப்ஸ் மலையின் பனி உருகி வரும் மே, ஜூன் மாதங்களில் ஆழத்துக்குக் குறைவிருக்காது. வெள்ள அபாயமும் அப்போதுதான்: 2013 ஜூனில் பாசாவில் நீர் 12.89 மீட்டருக்கு ஏறியது. 1501க்குப் பிறகு அந்த ஊர் அப்படி ஒரு வெள்ளத்தைக் கண்டதில்லை. நீர் உயர்ந்தால் பாலங்களுக்கு அடியில் நுழைய முடியாது. ஆகஸ்டு, செப்டம்பரில் பல்கேரியப் பக்கம் மணல் திட்டுகள் தலைகாட்டும். முழு நதிக்கும் போகிறவர்களுக்கு என் பரிந்துரை மே மாதம்.

மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரையிலான வாஹாவ் பள்ளத்தாக்கைப் பகலில் கடக்கும் கப்பலாகப் பார்த்து எடுங்கள். சரிவெங்கும் திராட்சைத் தோட்டம். ட்யூர்ன்ஸ்டைன் குன்றின்மேல், இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டைச் சிறை வைத்திருந்த கோட்டையின் இடிபாடு. வியன்னாவைப் பற்றி எழுத ஆட்களுக்குப் பஞ்சமில்லை; நான் கடந்துபோகிறேன். புடாபெஸ்டை மட்டும் இரவில், மேல்தளத்திலிருந்து பாருங்கள். நாடாளுமன்றக் கட்டடத்தின் விளக்குகள் முழுவதும் நீரில் விழும்.

இங்கேதான் இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். புடாபெஸ்டுக்கு அப்பால் வரும் செர்பியா, ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. அதைத் தாண்டி பல்கேரியாவிலோ ருமேனியாவிலோ மறுபடி ஷெங்கனுக்குள் நுழைகிறோம். ஒருமுறை மட்டும் நுழையும் விசா இருந்தால் பயணம் பாதியில் நின்றுவிடும். பலமுறை நுழையும் விசா வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே கேளுங்கள்.

ஹங்கேரியின் சமவெளி முடிந்ததும் நதி வேறு கதை சொல்கிறது. குரோஷியாவின் வூகோவாரில் 1991 முற்றுகையில் குண்டு துளைத்த தண்ணீர்த் தொட்டி, துளைகள் மறைக்கப்படாமல் நினைவுச் சின்னமாக நிற்கிறது. செர்பியாவின் நோவி சாத் நகரின் மூன்று பாலங்களும் 1999 குண்டுவீச்சில் விழுந்து கப்பல் பாதையை அடைத்தன.

பெல்கிரேடைத் தாண்டி, கோலுபாட்ஸ் கோட்டையிலிருந்து இரும்பு வாயில் மலையிடுக்கு தொடங்குகிறது. இந்தப் பயணத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கசான் பகுதியில் நதி ஏறக்குறைய 150 மீட்டராகக் குறுகி, இரு பக்கமும் செங்குத்துப் பாறை எழும்பும். ருமேனியக் கரைப் பாறையில் டேசிய மன்னர் டெசெபாலஸின் முகம், 40 மீட்டருக்கு மேல் உயரம். எதிர்க்கரையில் அவரை வென்ற ரோமப் பேரரசர் டிராஜனின் கல்வெட்டு. 1972இல் அணை முடிந்தபோது நீர் இந்தக் கல்வெட்டையும் மூழ்கடித்திருக்கும். பாறையோடு வெட்டியெடுத்து மேலே பொருத்தினார்கள். அடா காலே தீவுக்கு அந்த வாய்ப்பு முழுதாகக் கிடைக்கவில்லை. துருக்கியர் வாழ்ந்த அத்தீவு நீருக்கடியில் போய்விட்டது. கப்பல் அதன்மேல்தான் போகிறது. வழிகாட்டி சொல்லாவிட்டால் கேளுங்கள். பிறகு 943ஆம் கிலோமீட்டரில், 'லாக்' தொட்டிக்குள் கப்பலை நிறுத்தி, நீரை வடித்து, இரண்டு படிகளாகக் கீழே இறக்குவார்கள். அந்த நேரத்தில் அறைக்குள் இருக்காதீர்கள்.

இந்த மேல்தளக் காட்சிகளுக்காகவே சொல்கிறேன்: பால்கனி அறைக்கு அதிகப் பணம் கொடுக்க வேண்டாம். சிறு ஜன்னல் உள்ள கீழ்த்தள அறை உறங்கப் போதும். மிச்சமாகும் பணத்தில் பயணத்தை நீட்டிக்கலாம்.

கீழே, பல்கேரியாவின் ரூசே. எழுத்தாளர் எலியாஸ் கனெட்டி 1905இல் பிறந்த ஊர். பல கப்பல்கள் இதனருகே முடித்துக்கொள்கின்றன. சில, செர்னவோடாவில் கால்வாய்க்குள் திரும்பிக் கான்ஸ்டான்ட்சா துறைமுகம் சேரும். இரண்டிலும் கழிமுகம் தவறிவிடும். துல்சியா வரை போகும் கப்பலைத் தேடுங்கள். அதற்கப்பால் மூன்று கிளைகள், நாணல் காடு, கூட்டம் கூட்டமாக வெள்ளைக் கூழைக்கடாக்கள்.

துல்சியாவில் இறங்கியதும் ஊர் திரும்ப டிக்கெட் போட்டுவிடாதீர்கள். இன்னும் ஒரு நாளை ஒதுக்கி உள்ளூர்ப் பயணிகள் படகில் ஏறுங்கள். சுலினாவுக்குச் சாலை கிடையாது, நீர்வழி ஒன்றுதான்.