வஸா பூங்காவில் ஒரு வரிக் கணக்கு

மேலாரன் ஏரி பால்டிக் கடலோடு கலக்கும் இடத்தில், 14 தீவுகளின் மீது அமைந்திருக்கிறது ஸ்வீடன் தேசத்தின் தலைநகரமாகிய ஸ்டாக்ஹோல்ம். அந்நகரின் வஸா பூங்காவுக்கு வேலை நாள் ஒன்றில் முற்பகல் வேளையில் போகும் நம்மவர் சற்றே திகைத்து நிற்பார். கைக்குழந்தைகளை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களில் பலர் தந்தைமார்!

"இவர்களுக்கெல்லாம் உத்தியோகம் இல்லையா?" என்று கேட்கத் தோன்றும். நல்ல உத்தியோகங்களே உண்டு. குழந்தை பிறந்தால் பெற்றோர் இருவருக்கும் சேர்த்து 480 நாள் படி கிடைக்கிறது. அதில் 390 நாளைக்கு, ஒரு வரம்புக்கு உட்பட்டு, சம்பளத்தில் ஏறத்தாழ 80 சதவிகிதம் வரும். 90 நாள் தந்தைக்கென்றே ஒதுக்கப்பட்டது. அவர் எடுத்துக்கொள்ளாவிட்டால் அது போனதுதான். தாய்க்கு மட்டும் இருந்த இச்சலுகையை 1974-லேயே இருவருக்கும் பொதுவாக்கிய முதல் தேசம் ஸ்வீடன். பள்ளிக்கூடத்தில் சம்பளம் கிடையாது. மத்தியான உணவும் இனாம். ஆஸ்பத்திரிக்குப் போனால் சிறு கட்டணம் உண்டு. அதுவும் ஓராண்டில் ஒரு வரம்பை எட்டிவிட்டால் நின்றுவிடும்.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? நகரசபையும் பிராந்திய சபையும் வசூலிக்கும் வருமான வரி சராசரி 32 சதவிகிதம். சம்பாத்தியம் அதிகமானால், வரம்புக்கு மேற்பட்ட பகுதிக்கு தேசிய சர்க்காருக்கு இன்னும் 20 சதவிகிதம். கடையில் வாங்கும் பெரும்பாலான பொருள்களுக்கு விற்பனை வரி 25 சதவிகிதம். முதலாளி சம்பளத்துக்கு மேல் தனியாகச் செலுத்துவதோ 31 சதவிகிதத்துக்கும் அதிகம்!

இவ்வளவையும் அந்த ஜனங்கள் முணுமுணுக்காமல் கொடுத்து வந்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பூங்காவுக்கு எதிரே, டாலா வீதி 46-ஆம் எண் வீட்டில் 1941 முதல் 2002-ல் காலமாகும் வரை வாழ்ந்தவர், குழந்தைகளுக்குக் கதை எழுதிப் புகழ்பெற்ற ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் அம்மையார். 1976-ல் அவருடைய வருமானத்தின் மேற்பகுதிக்கு விழுந்த வரி 102 சதவிகிதம். நூறு சம்பாதித்தால் நூற்றிரண்டு கட்ட வேண்டும்! சுயமாகத் தொழில் செய்தவரானதால் தொழிலாளிக்குரிய வரி, முதலாளிக்குரிய வரி இரண்டும் அவர் தலையிலேயே விழுந்தன. அம்மையார் அதை ஒரு பரிகாசக் கதையாக்கிப் பத்திரிகையில் வெளியிட்டார். அவருக்குக் கதை சொல்லத் தெரியும், கணக்குத்தான் தெரியாது என்றார் நிதி மந்திரி. ஆனால் கணக்கில் தவறியவர் மந்திரியே. நாற்பதாண்டுகளுக்கு மேல் ஆண்டுவந்த கட்சி அவ்வாண்டுத் தேர்தலில் தோற்றது. தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் அக்கதையை யாரும் மறக்கவில்லை. 1991-ல் உச்ச விகிதம் பாதியளவுக்கு இறங்கியது. 2004-ல் வாரிசு வரியும் 2007-ல் செல்வ வரியும் ஒழிந்தன.

மற்ற தேசங்களைப் பார்ப்போம். அமெரிக்காவில் மத்திய சர்க்காரின் உச்ச வரி 37 சதவிகிதம்தான். ஆனால் 1993-ஆம் வருஷச் சட்டம் பிரசவத்துக்கு அளிப்பது 12 வாரச் சம்பளமில்லாத விடுமுறை. அதுவும் எல்லாத் தொழிலாளருக்கும் இல்லை. துபாயில் சம்பளத்துக்கு வரியே கிடையாது. நம்மவர் ஆயிரக்கணக்கில் அங்கே போவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் உழைத்து ஓய்ந்த காலத்தில் மாதாமாதம் பென்ஷன் கொடுத்து அவர்களை ஆதரிக்கும் பொறுப்பு அந்தத் தேசத்துக்கு இல்லை. கையில் மிச்சம் பிடித்ததே முதுமைக்குத் துணை.

ஆகவே வரி விகிதத்தை மட்டும் பார்த்துத் தேசங்களை ஒப்பிடுவது, கணக்குப் புத்தகத்தில் பற்றுப் பக்கத்தை மட்டும் படித்து மூடுவது போலாகும். வரவுப் பக்கத்தையும் புரட்டவேண்டும். கணக்கு யார் கையில் இருக்கிறது என்றும் பார்க்கவேண்டும். நம் நாட்டில் 1860-ல் வருமான வரி புகுந்தது, 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவால் காலியான ஆங்கில சர்க்காரின் கஜானாவை நிரப்புவதற்காக. அது பிரஜைகளைக் கேட்டு விதித்த வரியன்று. ஸ்வீடனிலோ சர்க்கார் தஸ்தாவேஜுகளைப் பிரஜைகள் பார்வையிடும் உரிமை 1766 முதல் சட்டமாக இருக்கிறது. அண்டை வீட்டாருக்கு விதிக்கப்பட்ட வரியைக்கூட யாரும் கேட்டு அறியலாம்.

வஸா பூங்காவில் வண்டி தள்ளும் தந்தை தம் சம்பளத்தில் பெரும்பங்கை இழந்தவர்தான். ஆனால் அது எங்கே போயிற்று என்று அவருக்குத் தெரியும். அதில் ஒரு பகுதி அந்த வண்டியிலேயே தூங்கிக்கொண்டிருக்கிறது!