சாடியிலே ஒரு பைன்

இறந்துபோன மரமொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மாத காலம் நாள் தவறாது நீர் வார்த்தவர் நாம். வாசகர் நகைக்கக்கூடும், ஆயினும் நடந்தது அதுவே.

பண்டாரவளையில் நாம் குடியேறிய ஆண்டிலே, நாற்று விற்பவர் ஒருவரிடம் பைன் கன்றொன்றை வாங்கினோம். மலைநாட்டுச் சரிவுகளிலே நெடுக நடப்பட்டிருக்கும் கரிபியன் பைன் இனத்தது அது. யப்பானியர் பொன்சாய் என வழங்கும் குறுமரமாக அதனை ஆக்கும் ஆசையினால், தட்டையான சாடியொன்றில் நட்டு, வரவேற்பறை மேசைமீது வைத்தோம். வந்தவரெல்லாம் வியந்தனர். நாமும் அகமகிழ்ந்து, காலையும் மாலையும் நீர் வார்த்தோம். ஒருநாள் எமது துணைவியார் துடைக்கத் தொட்டபோது, ஊசியிலைகள் கொத்தோடு கையில் வந்தன. கிளறிப் பார்த்தோம், வேர் முழுவதும் அழுகிக் கறுத்திருந்தது. வேர் மாண்ட பின்னரும் பைன் பல வாரங்கள் பச்சை மாறாது நிற்கும் என்பதனை நாம் அப்போது அறிந்திலோம். அப்பச்சையையே உயிர் என நம்பியிருந்தோம்.

அடுத்த கன்றுக்கு முன்னர் சில நூல்களைப் படித்தோம். பைன் வெயிலும் காற்றும் வேண்டும் மரம், வீட்டினுள்ளே வாழாது. ஆகவே அதனை முற்றத்தில் வைத்தோம். தோட்டமண்ணுக்குப் பதிலாகப் பருமணலும் செங்கல் நொறுங்கலும் மிகுதியாகச் சேர்த்துச் சாடியை நிரப்பினோம். மேல்மண்ணில் விரலை ஊன்றிப் பார்த்து, ஈரம் குறைந்திருந்தாலன்றி நீர் வார்ப்பதில்லை. வார்க்கும்போது அடித்துளை வழியே ஒழுகும்வரை வார்ப்போம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மண்ணை மாற்றுகையில் வேரில் ஒரு பகுதியை நறுக்குவோம். ஆயின் வேரைச் சூழ்ந்திருக்கும் வெண்பூஞ்சணத்தைக் கழுவி நீக்குவதில்லை. மண்ணிலுள்ள நீரையும் உணவையும் வேருக்குச் சேர்க்கும் துணை அது. மெழுகுதிரி போல் நிமிரும் இளந்தளிர்களை, ஊசிகள் விரியுமுன் விரலாற் கிள்ளிக் குறைப்போம். கிளையை வளைக்கச் சுற்றிய செப்புக்கம்பியை, அது பட்டையில் அழுந்துமுன் அகற்றிவிடுவோம்.

இவ்வாறு எத்தனை காலம் பேணுவது என எண்ணியிருந்தபோதுதான், ஹிரோஷிமா நகரத்துப் பைன் ஒன்றின் வரலாறு எமக்குத் தெரியவந்தது. அது கொத்துக்கு ஐந்து ஊசியுடைய யப்பானிய வெண்பைன்; 1625 ஆம் ஆண்டு முதல் சாடியிலே வளர்ந்துவருவதாகக் கொள்ளப்படுவது. யமாக்கி என்னும் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக அதனைப் பேணினர். 1945 ஓகஸ்ட் 6 ஆம் நாள் அணுகுண்டு வெடித்த இடத்துக்கும் அவர்தம் தோட்டத்துக்கும் இடையே ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தூரமே. வீட்டுக் கண்ணாடிகள் சிதறின. மதிலின் மறைவில் நின்ற மரம் தப்பிற்று. 1976 இல் மசாரு யமாக்கி அதனை, குண்டு வீசிய அந்நாட்டுக்கே நன்கொடையாக அளித்தார். இன்று அது வாஷிங்டனிலுள்ள தேசிய மரத்தோட்டத்தில் வாழ்கின்றது. 2001 இல் அவர் பேரர் இருவர் அங்கு சென்று கூறிய பின்னரே, குண்டுக்குத் தப்பிய மரம் அது என அங்குள்ளோர் அறிந்தனர்.

பகையையும் போரையும் கடந்து அம்மரம் நிற்பதற்கு, ஒருவர் கை ஓயுமுன் மற்றொருவர் கை நீர் வார்த்ததே காரணம். இதனை அறிந்த நாள்முதல் எமக்கொரு கவலை பிறந்தது. எமது பைனுக்கு வயது ஒன்பது, எமக்கோ எழுபத்திரண்டு. எமக்குப் பின் யார்?

சென்ற ஆண்டு கண் சத்திரசிகிச்சைக்காக ஒரு வாரம் வீட்டைப் பிரிய நேர்ந்தது. விடுமுறைக்கு வந்திருந்த பேர்த்தியிடம் சாடியை ஒப்படைத்துச் சென்றோம். திரும்பியதும் முற்றத்துக்கே விரைந்தோம். மரம் பச்சையாகவே நின்றது. எனினும் பழைய அனுபவம் எம்மை அப்பச்சையை நம்பவிடவில்லை. அவள் எம் முகத்தைப் பார்த்துவிட்டு, “நாள்தோறும் மண்ணைத் தொட்டுப் பார்த்துத்தான் ஊற்றினேன், அம்மப்பா. இரண்டு நாள் ஈரமாயிருந்தது, ஊற்றவில்லை” என்றாள்.

நாமும் குனிந்து மண்ணில் விரலை ஊன்றினோம். அளவான ஈரம் இருந்தது.