ரீடு காட்டிய வழி

காரைக்குடியில் என் வீட்டு மாடியறைதான் ஒலிப்பதிவுக்கூடம். போன மாதம் ஒரு குறும்படத்துக்கு இசை அமைக்கையில், வூர்லிட்சர் 200ஏ என்ற பழைய எலெக்ட்ரிக் பியானோவின் நாதம் தேவைப்பட்டது. அதைக் கணினியில் தரும் பிளக்இன் ஒன்றை வாங்குமுன் சோதித்தேன். மெல்ல வாசித்தால் இனித்தது. அழுத்தினால் சத்தம் மட்டுமே கூடியது. இதற்கு முந்தைய வூர்லிட்சர் மாதிரியில் ரே சார்லஸ் வாசித்த 1959-ஆம் ஆண்டுப் பாட்டு ‘வாட்ட் ஐ சே’யின் தொடக்கத்தில், விரல் அழுந்த அழுந்த நாதத்தின் நிறமே மாறும், ஓர் உறுமல் எழும். அது இங்கே வரவில்லை. ஏன் என்று தேடத் தொடங்கினேன்.

வூர்லிட்சர் நிறுவனம் இந்தப் பியானோவை 1950-களின் நடுவில் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெஞ்சமின் மைஸ்னர் என்ற பொறியாளரின் கண்டுபிடிப்புகள் அதற்கு அடிப்படை. 200ஏ வந்தது 1974-ல். மொத்தம் 64 கட்டைகள். உள்ளே தந்தி கிடையாது. கட்டைக்கு ஓர் எஃகு ரீடு, அதாவது மெல்லிய உலோக நாக்கு. கட்டையை அழுத்தினால் சின்னச் சுத்தியல் அதைத் தட்டும்.

‘ரீடு’ என்ற இடத்தில் படிப்பதை நிறுத்தினேன். அது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழகிய சொல். திருவிழா இரவில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமண நாடகத்தில், பின்பாட்டுக்காரர் மடியைவிட்டு அகலாத ஆர்மோனியம் ரீடால் பேசுவதுதான். பாரிஸில் அலெக்சாந்தர் தெபெய்ன் 1842-ல் காப்புரிமை பெற்ற கருவி அது. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதைத் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போட்டு வாசிக்கும் பெட்டியாக மாற்றினார். அப்படித்தான் நம் நாடக மேடைக்கும் அது ஏறியது.

ரீடை நேரில் பார்க்க, எங்கள் ஊர் முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் விசாரித்து, ஆர்மோனியம் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன். பெட்டியைத் திறந்து பித்தளை ரீடுகளைக் காட்டினார்.

“நுனியில சுரண்டுனா சுருதி ஏறும் தம்பி. அடியில சுரண்டுனா இறங்கும். அவ்வளவுதான் வித்தை. ஆனா கை நடுங்கக் கூடாது.”

வூர்லிட்சரிலும் இதே கணக்குத்தான். அதன் ரீடு நுனியில் ஈயப் பற்று இருக்கும். அதை அரம் போட்டுக் குறைத்தால் சுருதி ஏறும்; ஈயம் கூட்டினால் இறங்கும். இரண்டும் வேறுபடுவது நாதம் பிறக்கும் விதத்தில். ஆர்மோனிய ரீடைக் காற்று அசைக்கிறது. வூர்லிட்சர் ரீடோ, மின்னழுத்தம் ஏற்றிய உலோகத் தகட்டின் பிளவுக்குள் ஆடுகிறது. ரீடுக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி மாற மாற மின்சைகை உண்டாகிறது. மெல்லத் தட்டினால் ஆட்டம் சிறிது, நாதம் வழவழப்பு. ஓங்கித் தட்டினால் ரீடு வெகுதூரம் வீசும். சைகையின் வடிவம் கோணி மேல்சுரங்கள் பொங்கும். நான் தேடிய உறுமல் அதுதான்.

வீட்டுக்கு வந்து மறுபடி சோதித்தேன். ஒரே கட்டையை மெல்லியதிலிருந்து உச்சம்வரை படிப்படியாக அழுத்தினேன். இரண்டு இடங்களில் நாதம் திடீரென்று தாவியது. இடையில் ஒலியளவு மட்டுமே ஏறியது. சில அழுத்தங்களில் மட்டும் பதிவு செய்து அடுக்கியிருக்கிறார்கள். அடுத்து, ஒரே கட்டையைப் பத்து முறை வேகமாகத் தட்டினேன். பத்தும் அச்சு வார்த்ததுபோல் ஒன்றாகவே இருந்தன. அசல் கருவியில் ரீடு ஆடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த அடி விழும். அதனால் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது.

பிறகு, பதிவை நம்பாமல் ரீடின் அசைவையே கணக்கிட்டு ஒலி உண்டாக்கும் வேறொரு பிளக்இன்னை எடுத்தேன். தாவல் இல்லை. அழுத்தம் ஏற ஏற உறுமல் தானாக எழுந்தது. விளம்பரத்தில் காட்டும் பியானோப் படமும் ஒலித்தொகுப்பின் கொள்ளளவும் இதைச் சொல்வதில்லை. அசலுக்குள் எது எதைத் தட்டுகிறது என்று அறிந்தவருக்கே நகலை எடைபோடத் தெரியும்.

மடிக்கணினியையும் சிறிய கீபோர்டையும் பெரியவரிடம் கொண்டுபோனேன். என்ன கருவி என்று சொல்லவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு கட்டையை ஓங்கி அழுத்தி, நாதம் அடங்கும்வரை கண்ணை மூடியிருந்தார்.

“ரீடுதான் தம்பி. ஆனா காத்து இல்லை, யாரோ தட்டுறாங்க.”

அன்று மாலையே அந்தப் பிளக்இன்னை வாங்கினேன்.