மல்லிகைச் சரம்

ஸ்ரீரங்கத்திலிருந்து அரியமங்கலம் போவதை ஒரு பிரயாணம் என்றே சொல்லக் கூடாது. சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கித் துவாக்குடி பஸ்ஸில் ஏறினால், காந்தி மார்க்கெட்டின் வெங்காய வாசனை மூக்கை விட்டுப் போவதற்குள் கண்டக்டர், "பால்பண்ணை! பால்பண்ணை!" என்று கூவுவார். அதைத் தாண்டினால் அரியமங்கலம். என் தம்பி மகளை அங்கேதான் கொடுத்திருக்கிறோம். தாயில்லாப் பெண். பிறந்த வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று பிரசவத்தையும் புக்ககத்திலேயே வைத்துக்கொண்டார்கள். இவ்வளவு பக்கத்தில் இருந்தும், குழந்தை பிறந்த முதல் ஒன்றரை மாதத்தில் நான் போய்ப் பார்த்தது ஒரே ஒரு தடவை. பாக்கியையெல்லாம் போனிலேயே நடத்திவிட்டேன், யோசனை சொல்வது உட்பட.

சென்ற சித்திரையில் ஒரு நாள் மத்தியானம் அவள் கூப்பிட்டாள். குரல் கிசுகிசுவென்று வந்தது. கூடத்தில் மாமனார் ஈஸிசேரில் இருக்கிறார் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

"அத்தை, இடது பக்கம் கல்லு மாதிரி இருக்கு. தொட முடியலை."

"பால் கட்டியிருக்கும், கண்ணு. வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, நன்றாக அழுத்தித் தேய்த்துப் பீச்சிவிடு. எல்லாருக்கும் வருவதுதான்."

அதைச் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டிருந்த அத்தியாயத்துக்குத் திரும்பினேன். அதில் ஒரு தாய் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாவலில் தாய்மார்களுக்குப் பால் எப்போதும் தடையில்லாமல் சுரந்துவிடுகிறது.

சொன்னபடியே செய்திருக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து நாள் தேய்த்திருக்கிறாள். ஆறாம் நாள் குளிரும் காய்ச்சலும் தூக்கிப் போட்டது. ஆஸ்பத்திரியில் சீழ்க்கட்டி என்றார்கள். அன்று ராத்திரியே கத்தி வைத்தார்கள்.

என் யோசனை எவ்வளவு தவறு என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு மார்பிலும் பல பால் குழாய்கள் உண்டு. சுற்றியுள்ள சதை வீங்கும்போது அவை நெருக்கப்பட்டுப் பால் தேங்குகிறது. அந்த நேரத்தில் அழுத்தித் தேய்த்தால் வீக்கம் இன்னும் அதிகமாகும். காம்பில் வெடிப்பு இருந்து, அதன் வழியே கிருமியும் புகுந்துவிட்டால் சீழ் பிடிக்கலாம். தாய்ப்பால் மருத்துவர்களின் சர்வதேச அமைப்பு ஒன்று 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தேய்க்காதே, குளிர்ந்த ஒத்தடம் கொடு, குழந்தை கேட்டபோது பால் கொடு, மிச்சத்தைப் பிழிந்து பிழிந்து எடுக்காதே என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் பரம்பரையாகச் செய்து வந்ததற்கு நேர் விரோதம்!

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கட்டு மாற்றும்போது சீழ் குறைந்துகொண்டே வந்தது. கண்டத்தைத் தாண்டிவிட்டோம் என்று எல்லோரும் மூச்சு விட்டோம். ஆனால் ஒரு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்த நர்ஸ் அப்படியே நின்றுவிட்டாள். பஞ்செல்லாம் வெள்ளையாக நனைந்திருந்தது. வாடை இல்லை. அது சீழ் அல்ல, பால்! காம்பை விட்டுவிட்டுக் கத்தி வைத்த காயத்தின் வழியே பால் வந்துகொண்டிருந்தது.

வீடே கலங்கிவிட்டது. ஆபரேஷன் செய்த இளம் டாக்டர், பாலை நிறுத்தினால்தான் புண் ஆறும் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். சம்பந்தியம்மாளோ மாத்திரைக்கும் ஒரு படி மேலே போய்விட்டாள். நான் போய் இறங்கியபோது, வாழை இலையில் சுற்றி ஈரத்துணி போர்த்திய முழம் முழமான மல்லிகைச் சரம் கூடத்தில் இருந்தது. எங்கள் ஸ்ரீரங்கம் பூச்சந்தையிலிருந்தே காலையில் தருவித்திருக்கிறாள். எட்டரை, கோப்புப் பக்கத்து மல்லிகை.

"மார்பிலே வைச்சுக் கட்டினா ரெண்டு நாள்லே பால் வத்திடும், சம்பந்தியம்மா. எங்க பாட்டி காலத்து வைத்தியம்" என்றாள்.

இதை நான் மூட நம்பிக்கை என்று தள்ளமாட்டேன். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் இந்த மல்லிகை வைத்தியத்தைப் பால் வற்றச் செய்யும் மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்து, 1988-ல் கட்டுரை வெளியிட்டார்கள். பூவும் பாலைக் குறைக்கத்தான் செய்தது. பாட்டிமார்கள் கண்டது பொய்யல்ல. ஆனால் பாலை வற்ற வைக்க முடியுமா என்பது ஒரு கேள்வி; வற்ற வைக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டாவது கேள்வியை அந்த வீட்டில் யாரும் அந்தப் பெண்ணிடம் கேட்கவில்லை.

அவள் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். வலது பக்கம் குழந்தை சப்புக்கொட்டிக் குடித்துக்கொண்டிருந்தது.

"நிறுத்தணுமா, அத்தை? இவன் நல்லாத்தானே குடிக்கிறான்?"

ஒரு தடவை போனில் யோசனை சொல்லிப் பட்டாயிற்று. இந்தத் தடவை நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டோ கூப்பிட்டு, ஊருக்குள் இருக்கும் வேறொரு சர்ஜனிடம் அழைத்துப் போனேன். தலை நரைத்த அம்மாள். காயத்தைப் பார்த்தார்; ஸ்கேன் எடுக்கச் சொல்லி, உள்ளே சீழ் மிச்சமில்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் காவேரிக்கரைக்காரர்தானே, அம்மா? வாய்க்காலில் உடைப்பு எடுத்தால் என்ன செய்வார்கள்?" என்று கேட்டார்.

"கரையை அடைப்பார்கள்."

"தண்ணீர் தன் வழியே போய்க்கொண்டிருந்தால் கரையில் அழுத்தம் குறையும். மதகை மூடிவிட்டால்? கத்தி பட்டபோது ஒரு குழாய் அறுந்திருக்கிறது. பால் குறுக்கு வழி கண்டுபிடித்துவிட்டது. இதைப் பால் புரை என்பார்கள். பார்க்கப் பயமாக இருக்கும், அவ்வளவுதான். பாலை நிறுத்தினால் சீக்கிரம் மூடக்கூடும். ஆனால் திடீரென்று நிறுத்தினால் மறுபடி கட்டிக்கொண்டு இன்னொரு கட்டி வரவும் இடமுண்டு. கொடுத்துக்கொண்டே இருந்தாலும் மூடும், நாள்தான் கூட ஆகும். வலது பக்கம் தாராளமாகக் கொடுக்கலாம். இடது பக்கமும், குழந்தையின் வாய் காயத்தில் படாமல் இருந்தால் கொடுக்கலாம். இந்தப் பாலும் நல்ல பால்தான்."

பிறகு அவளிடம் திரும்பி, "எது என்று முடிவு செய்ய வேண்டியது நீ" என்றார்.

"கொடுக்கிறேன், டாக்டர்" என்றாள். பதினைந்து நாளில் அன்றுதான் அவள் குரல் கிசுகிசுப்பாக இல்லை.

சீக்கிரம் வந்திருந்தால் கத்தியே தேவைப்பட்டிருக்காதாம். இந்தக் காலத்தில் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியால் சீழை உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். அநேகமான சிறு கட்டிகளுக்கு அதுவே போதும். இன்னொன்றும் அந்த அம்மாள் அழுத்திச் சொன்னார்: பால் கொடுக்கிறவளுக்குக் கட்டி வந்தால், பால் கட்டிதான் என்று சும்மா இருந்துவிடக் கூடாது. சில நாளில் கரையாவிட்டால் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். வேறு கெட்ட கட்டியும் அந்தச் சமயத்தில் ஒளிந்திருக்கலாம்.

அடுத்த நாலு வாரமும் லேசாகக் கழியவில்லை. அக்கினி நட்சத்திரம். ஒரு நாளைக்கு நாலு தடவை கட்டு மாற்ற வேண்டும். புளித்த பால் வாடை அறையை விட்டுப் போகாது. ராத்திரியில் எறும்பு படுக்கையைத் தேடி வரும். கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தோம். நான் பெட்டியோடு வந்து தங்கிவிட்டேன். முதல் நாளே ஒன்று கவனித்தேன். அந்த அறைக்குக் கதவே இல்லை, வெறும் திரைதான். வலியை ஐந்து நாள் கிசுகிசுத்ததற்குக் காரணம் புரிந்தது. நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மாமனாரே ஈஸிசேரைத் திண்ணைக்குத் தூக்கிப் போட்டுக்கொண்டார். மறு வாரம் தச்சனை அழைத்துவந்து கதவு போட்டார். அதைப் பற்றி அவரும் யாரிடமும் பேசவில்லை.

சாயங்காலங்களில் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போவேன். தூரத்தில் மலைக்கோட்டை தெரியும். காவேரியில் வெள்ளம் வந்து, அம்மாவால் பிரசவத்துக்கு வரமுடியாமல் போன ரத்னாவதிக்கு, அந்த அம்மாவின் உருவிலேயே ஈசன் வந்து பேறு பார்த்தார் என்பது தாயுமானவர் கதை. சம்பந்தியம்மாள்கூட வாழைத்தார் நேர்ந்துகொண்டிருந்தாள். எனக்கு ஒரு சம்சயம் வந்தது. பிரசவத்தன்று சுவாமி முதற்கொண்டு எல்லோரும் வந்துவிடுகிறார்கள். நாற்பதாம் நாள் ஒரு பெண் கதவில்லாத அறையில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போது யார் வருகிறார்கள்? அத்தை பக்கத்து ஊரில் கதை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

இருபத்தாறாம் நாள் கட்டு உலர்ந்திருந்தது. மறு நாளும் உலர்ந்திருந்தது. சம்பந்தியம்மாள் வாழைத்தாரோடு மலையேறிவிட்டு வந்தாள். வரும் வழியில் இரண்டு முழம் மல்லிகை வாங்கிவந்து, மருமகள் தலையில் தன் கையாலேயே வைத்தாள். "பூ வைக்க வேண்டிய இடம் இதுதான்" என்று தானே சொல்லிச் சிரித்தாள்.

காயத்தின் வடு இருக்கிறது. பையன் இரண்டு பக்கமும் குடித்துக் கொழுத்து, இப்போது தவழ்கிறான். போன வாரம் அவள் மறுபடி போன் செய்தாள். "அத்தை, பல் முளைக்கிறது போலிருக்கு. ராத்திரியெல்லாம் அழறான். என்ன செய்யலாம்?"

எனக்கு வைத்தியம் நாலு தெரியும். நாலும் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"இரு, வருகிறேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினேன்.